‘சேவ்டு பை த பெல்’: எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக் கூடாது

தில்லிக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத, குருகிராமில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் கேட்டிருக்கும் கேள்வி இது. அலுவலகக் கூட்டமொன்றில் மேலாளர் அவரிடம் தாமதமாகிப்போன ஓர் அறிக்கையைப் பற்றிக் கேட்கத் தொடங்கிய நேரம் பார்த்துத் தீ விபத்து ஒத்திகைக்கான அலாரம் அடிக்க, எல்லாரும் படியிறங்கி வெளியே போக வேண்டியதாயிற்று. அருகிலிருந்தவர் சிரித்துக்கொண்டே ‘சேவ்டு பை த பெல்’ (சொல்லுக்குச் சொல், ‘மணியால் காப்பாற்றப்பட்டார்’) என்றிருக்கிறார். சில நாள் கழித்து, அதே அறிக்கையை முடிப்பதற்காக இரவு வெகுநேரம் உடனிருந்து உதவிய இன்னொரு சக ஊழியருக்கு இவர் நன்றி சொல்லும் விதமாக ‘ஐ வாஸ் சேவ்டு பை த பெல்’ என்று எழுத, ‘அப்படியென்றால் நான் யார், மணியா?’ என்று பதில் வந்திருக்கிறது. இதற்கிடையே, லக்ஷ்மி நகரில் இவர் படிக்கும் ஆங்கிலப் பேச்சு வகுப்பில், உயிரோடு புதைக்கப்பட்டவர்கள் சவப்பெட்டிக்குள்ளிருந்து கயிற்றை இழுத்து அடித்த மணிதான் இந்தத் தொடருக்கு மூலம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தொடரின் பொருள் என்ன, தாம் எழுதியதில் என்ன பிழை, சவப்பெட்டிக் கதை மெய்தானா என்று கேட்கிறார்.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவர் வசமாக மாட்டிக்கொள்ளப் போகிறார். இன்னும் ஒரு நொடி போனால் பதில் சொல்ல முடியாமல் திணறுவார், தோற்பார், அல்லது அவமானப்படுவார். சரியாக அந்த நொடியில், அவருக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் இல்லாமலே, வெளியிலிருந்து ஏதோ ஒன்று குறுக்கிட்டு நடந்துகொண்டிருந்ததை நிறுத்திவிடுகிறது. அந்தத் தற்செயலான தப்புதலைத்தான் இந்தத் தொடர் குறிக்கிறது. மணி என்பது பள்ளி மணியாகவும் இருக்கலாம், வாசல் அழைப்பு மணியாகவும் இருக்கலாம், கைப்பேசியாகவும் இருக்கலாம். மணியே இல்லாமல் மின்சாரம் போனதாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டு செய்திகள் இந்தத் தொடருக்குள் எப்போதும் உண்டு. ஒன்று, காப்பாற்றியது ஒரு மனிதர் அல்லர். மற்றொன்று, சிக்கல் தீர்ந்துவிடவில்லை, நின்றிருக்கிறது, அவ்வளவுதான். ஒத்திகை முடிந்து எல்லாரும் மேலே ஏறி வந்ததும் அந்த அறிக்கை அதே மேசையில் அப்படியே காத்திருக்கும். இவ்விரண்டும் ஏன் அதற்குள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பது, தொடர் எங்கே பிறந்தது என்று பார்த்தால் விளங்கும்.

அது பிறந்த இடம் குத்துச்சண்டை மேடை. பழைய ஆங்கிலக் குத்துச்சண்டைக்கு 1743-இல் ஜாக் பிராட்டன் வகுத்த விதிகளிலும், அவற்றுக்குப் பின் 1838-இல் வந்த லண்டன் விதிகளிலும் ஒரு சுற்று எவ்வளவு நேரம் நடக்கும் என்பதற்குக் கணக்கே கிடையாது. ஒருவன் கீழே விழுந்தால் சுற்று முடிந்தது. அரை நிமிட ஓய்வுக்குப் பின் இருவரும் மீண்டும் நடுக்கோட்டுக்கு வந்து நிற்க வேண்டும், வர முடியாதவன் தோற்றான். அந்த ஆட்டத்தில் விழுந்தவனை மணி காப்பாற்ற வழியில்லை, ஏனென்றால் அவன் விழுந்ததே சுற்றை முடித்துவிடுகிறது. 1867-இல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகள்தாம் இதை மாற்றின. அவற்றை எழுதியவர் ஜான் கிரஹாம் சேம்பர்ஸ். குவீன்ஸ்பெரி பிரபு தம் பெயரைக் கொடுத்து ஆதரித்தவர். சுற்றுக்கு மூன்று நிமிடம், சுற்றுகளுக்கிடையே ஒரு நிமிட ஓய்வு, விழுந்தவன் பிறர் உதவியின்றிப் பத்து விநாடிக்குள் எழ வேண்டும் என்ற மூன்றும் சேர்ந்து அப்போதுதான் நடைமுறைக்கு வந்தன.

இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதும் இடத்தில்தான் நம் தொடருக்கு வேலை வருகிறது. சுற்றின் இரண்டு நிமிடம் ஐம்பத்தைந்தாவது விநாடியில் ஒருவன் விழுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவர் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி ஐந்தை எட்டும்போது மூன்று நிமிடம் முடிந்து மணி அடித்துவிடுகிறது. சுற்று முடிந்ததால் எண்ணிக்கையும் நின்றுபோகிறது. உதவியாளர்கள் அவனைத் தூக்கி மூலையில் உட்கார வைத்து முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார்கள். 1890-களில் அமெரிக்கச் செய்தித்தாள்களின் குத்துச்சண்டைச் செய்திகளில் இந்தத் தொடர் இதே பொருளில், உவமையாக அல்லாமல் நேர்ப்பொருளிலேயே அச்சாகியிருக்கிறது. அன்றாடப் பேச்சுக்கு அது வந்தது பிறகுதான். ஒரு நிமிடம் கழித்து அதே எதிராளி, அதே மேடையில் காத்திருப்பான் என்பதையும் கவனியுங்கள். சிக்கல் தீரவில்லை, நின்றிருக்கிறது என்று மேலே சொன்னது இங்கிருந்துதான் வருகிறது.

இதற்கு மிகப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு, 1963 ஜூன் 18-ஆம் நாள் லண்டன் வெம்பிளி அரங்கில் நடந்தது. பிற்காலத்தில் முகமது அலி என்று பெயர் மாற்றிக்கொண்ட கேசியஸ் கிளே, இங்கிலாந்தின் ஹென்றி கூப்பருடன் மோதினார். நான்காம் சுற்று முடியும் தறுவாயில் கூப்பரின் இடதுகைக் குத்து கிளேயின் தாடையில் இறங்க, அவர் கயிற்றில் சாய்ந்து தரையில் சரிந்தார். எழுந்துவிட்டார்; ஆனால் கண்கள் நிலைகொள்ளவில்லை. எழுந்த மாத்திரத்தில் மணி அடித்தது. அவரை மணி காப்பாற்றியது நடுவரின் எண்ணிக்கையிலிருந்து அல்ல, கூப்பரின் அடுத்த குத்திலிருந்து. மூலையில் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி அவரைத் தெளிய வைத்ததோடு, கையுறையில் ஒரு கிழிசல் இருப்பதையும் நடுவரிடம் காட்டினார். அதனால் ஓய்வு நேரம் நிமிடக் கணக்கில் நீண்டது என்று பல ஆண்டுகள் பேசிக்கொண்டிருந்தார்கள். படச்சுருளைப் போட்டுப் பார்த்தபோது கூடுதலாகக் கிடைத்தது சில விநாடிகளே என்று தெரிந்தது. ஐந்தாம் சுற்றில் கூப்பரின் கண்ணருகே இருந்த காயம் கிழிந்து ரத்தம் கொட்ட, நடுவர் ஆட்டத்தை நிறுத்திக் கிளே வென்றதாக அறிவித்தார். 1980-இல் சென்னைக்கு வந்து காட்சிப் போட்டி ஆடியபோது நம்மவர்கள் நேரில் பார்த்த அந்த மாவீரரும், பதினேழு ஆண்டுகளுக்கு முன் ஒரு மணியோசைக்குக் கடன்பட்டிருந்தார்.

விந்தை என்னவென்றால், இன்றைய தொழில்முறைக் குத்துச்சண்டையில் மணிக்கு அந்த அதிகாரம் இல்லை. அமெரிக்காவின் குத்துச்சண்டை ஆணையங்கள் பின்பற்றும் பொது விதிகளின்படி, வீழ்த்தப்பட்டவரை எந்தச் சுற்றிலும் மணி காப்பாற்றாது. மணி அடித்தாலும் நடுவர் எண்ணிக்கொண்டே போவார், பத்துக்குள் எழாவிட்டால் தோல்விதான். தில்லி இந்திரா காந்தி விளையாட்டரங்க வளாகத்தின் ஜாதவ் அரங்கில், 2018-இல் மேரி கோம் தம் ஆறாவது உலகப் பட்டத்தை வென்ற அதே அரங்கில், போட்டி பார்க்கப் போகும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், சுற்று முடியும்போது மணி என்ன செய்கிறது, நடுவர் என்ன செய்கிறார் என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். அகராதி சொல்வதைவிட அது நன்றாக மனத்தில் நிற்கும்.

இனிச் சவப்பெட்டிக் கதை. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது சாகாமல் உலவுகிறது. உயிர் இருக்கும்போதே புதைத்துவிடுவார்களோ என்ற அச்சம் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மெய்யாகவே இருந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் 1799-இல் சாகும் தறுவாயில், இறந்து மூன்று நாள் ஆவதற்குள் தம்மை அடக்கம் செய்துவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். மணி பொருத்திய சவப்பெட்டிகளையும் சிலர் வடிவமைத்தார்கள். நியூஜெர்சியின் நூவர்க் நகரைச் சேர்ந்த ஃபிரான்ஸ் வெஸ்டர் 1868-இல் அப்படி ஒன்றுக்கு அமெரிக்கக் காப்புரிமையே வாங்கியிருக்கிறார். உள்ளே இருப்பவர் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். ஏறி வருவதற்கு ஏணியும் உண்டு. ஆனால் இந்தக் கருவியால் யாரேனும் உயிர் பிழைத்து வெளியே வந்தார் என்பதற்கு நம்பத்தக்க சான்று ஒன்றும் இல்லை. நம் தொடரை அந்தக் காலத்தில் யாரும் கல்லறையோடு சேர்த்து எழுதியதாகவும் தெரியவில்லை. எழுதியிருப்பது முழுக்கக் குத்துச்சண்டைச் செய்தியாளர்கள்தாம். கருவி இருந்தது, தொடரும் இருக்கிறது, ஆகவே அதிலிருந்து இது வந்தது என்று முடிச்சுப் போடுவது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போடும் முடிச்சேதான்.

இந்த முடிச்சை உலகமெங்கும் கொண்டு சேர்த்தது, 1999-இல் மின்னஞ்சல் வழியே பரவிய ஒரு கட்டுரை. ‘1500-களில் வாழ்க்கை’ என்ற தலைப்பில், ஆங்கிலத்தின் பழகிய தொடர்களுக்கெல்லாம் அதில் சுவையான கதைகள் சொல்லப்பட்டிருந்தன. இரவுப் பணியைக் குறிக்கும் ‘கிரேவ்யார்டு ஷிஃப்ட்’, அச்சு அசலாக ஒருவரைப்போலவே இருப்பவரைக் குறிக்கும் ‘டெட் ரிங்கர்’ ஆகியவற்றுக்கும் அதே சவப்பெட்டி மணியைத்தான் அது மூலமாகக் காட்டியது. உண்மையில் ‘ரிங்கர்’ என்பது குதிரைப் பந்தயத்தில் ஆள்மாறாட்டம்போலக் குதிரை மாற்றி ஓட்டுவதைக் குறித்த சொல். அதன் முன்னுள்ள ‘டெட்’ அங்கே ‘அப்படியே, துல்லியமாக’ என்று மட்டுமே பொருள்படும். குருகிராமில் இரவெல்லாம் கால் சென்டரில் விழித்திருக்கும் பிள்ளைகள் கல்லறைக் காவலுக்கு வாரிசுகள் என்று சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நள்ளிரவின் ஆளற்ற அமைதிக்காக வைத்த பெயர் என்பதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. பயிற்சி வகுப்புகள் இந்தக் கதைகளைச் சொல்லாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. கதை தவறு என்பது மட்டுமல்ல, கல்லறையிலிருந்து மீண்டவன் முழுமையாக மீண்டவன். அந்தக் கதையை நம்பியவர் தொடரையும் ‘முழுமையாகக் காப்பாற்றப்படுதல்’ என்ற பொருளில் எழுதத் தொடங்கிவிடுவார். நீங்கள் எழுதிய நன்றி மடலில் நேர்ந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்தின் வின்ட்சர் அரண்மனைக் காவலாளி ஜான் ஹேட்ஃபீல்டின் கதையையும் சிலர் சொல்வதுண்டு. காவல் பணியில் தூங்கிவிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட அவர், நள்ளிரவில் லண்டன் மணிக்கூண்டு பன்னிரண்டுக்குப் பதில் பதின்மூன்று முறை அடித்ததைத் தாம் கேட்டதாகச் சொல்லி, அதைப் பிறரும் உறுதிசெய்யத் தண்டனையிலிருந்து தப்பினாராம். மணி மெய்யாகவே ஒருவரைக் காப்பாற்றிய கதை என்ற அளவில் இது இனியது. ஆனால் அவர் இறந்தது 1770-இல். தொடர் அச்சில் தலைகாட்டுவதோ நூறாண்டுகளுக்கும் மேல் கழித்து, கடலுக்கு அப்பால், குத்துச்சண்டை மேடையில். பள்ளி மணிதான் மூலம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். 1989 முதல் 1993 வரை இதே தொடரைத் தலைப்பாகக் கொண்டு ஓடிய அமெரிக்கப் பள்ளித் தொலைக்காட்சித் தொடர் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். கேள்விக்கு விடை தெரியாமல் எழுந்து நிற்கும் மாணவனுக்கு மணி அடிப்பது பொருத்தமான பயன்பாடு, மூலம் அன்று.

பயன்பாட்டில்தான் நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. இது விளையாட்டுத் தொனி கொண்ட தொடர். பெரும்பாலும் எழுவாய்கூட இல்லாமல், நிகழ்ந்து முடிந்த அடுத்த கணத்தில், பெருமூச்சோடோ சிரிப்போடோ சொல்லப்படுவது. தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்ளும்போது ஒரு தொல்லையும் இல்லை. பிறரைப் பார்த்துச் சொல்லும்போது, ‘நீ தரையில் கிடந்தாய், உனக்குப் பதில் தெரியாது, ஏதோ மணி அடித்ததால் பிழைத்தாய்’ என்ற குத்தல் அதற்குள் இருக்கிறது. ஒத்த வயதுச் சக ஊழியர் உங்களைப் பார்த்துச் சொன்னது நட்பின் கிண்டல். அதையே நீங்கள் மேலாளரைப் பார்த்து, அதுவும் வாடிக்கையாளர் முன்னிலையில் அவர் தடுமாறிய நேரத்தில் இணைப்பு துண்டித்துப்போனதும் சொல்லியிருந்தால் அடுத்த மதிப்பீட்டில் அதன் பலன் தெரிந்திருக்கும். அவ்வாறே, விபத்திலோ நோயிலோ உயிர் பிழைத்தவர்களைப் பற்றி இதைச் சொல்லக் கூடாது. யமுனையில் வெள்ளம் ஏறிக் கரையோரத்தில் சிக்கியவர்களைப் படகில் மீட்டார்கள் என்றால், அங்கே மீட்டவர்கள் இருக்கிறார்கள், துயரமும் இருக்கிறது. இந்தத் தொடருக்கு இடமில்லை.

தில்லிக்கே உரிய ஓர் இடத்தில் இது கச்சிதமாகப் பொருந்தும். மக்களவையில் கேள்வி நேரம் காலை 11 மணிக்குத் தொடங்கி 12 மணிக்கு முடிகிறது. நாளொன்றுக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் பட்டியலில் இடம்பெறும். அவற்றுக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், அதைத் தொடர்ந்து உறுப்பினர்கள் துணைக் கேள்விகள் கேட்பார்கள். எழுதிக் கொண்டுவந்த பதிலை எவரும் படித்துவிடலாம். துணைக் கேள்வியில்தான் அமைச்சருக்கு வியர்க்கும். இருபதும் எடுக்கப்படுவது அரிது. சங்கடமான கேள்வி ஒன்று வரும் நேரத்தில் 12 மணி ஆகிவிட்டால், அதற்கான பதில் எழுத்து வடிவில் அவையின் மேசையில் வைக்கப்பட்டதாகிவிடும். துணைக் கேள்வி இல்லை. அந்த அமைச்சரைப் பற்றி ஒரு பத்தி எழுத்தாளர் ‘சேவ்டு பை த பெல்’ என்று எழுதினால் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை: யாரும் அவருக்கு உதவவில்லை, கடிகாரம் உதவியது, கேள்வியும் செத்துப்போகவில்லை, அடுத்த வாரம் வேறு வடிவில் திரும்பி வரும். கிரிக்கெட்டில் தோற்கவிருந்த அணியை மழையோ வெளிச்சக் குறைவோ காப்பாற்றும்போது மணிக்குப் பதில் மழையைப் போட்டுச் சொல்வார்கள். 1939 மார்ச்சில் டர்பனில் நடந்த முடிவுநேரம் இல்லாத டெஸ்டில், 696 என்ற இலக்கை நோக்கி இங்கிலாந்து 5 விக்கெட்டுக்கு 654 எடுத்திருந்தபோது மழை குறுக்கிட, ஊர் திரும்பும் கப்பலைப் பிடிக்க வேண்டிய கட்டாயத்தால் ஆட்டம் முடிவின்றிக் கைவிடப்பட்டது. அங்கே தென்னாப்பிரிக்காவைக் காப்பாற்றியது கப்பல் என்று சொன்னாலும் தகும்.

பக்கத்துத் தொடர்களையும் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் முன்வந்து உதவினால் ‘கேம் டு த ரெஸ்க்யூ’. பணமுடையில் சிக்கிய நிறுவனத்தையோ நண்பரையோ தூக்கிவிட்டால் ‘பெயில் அவுட்’. அதில் ‘தானே வரவழைத்துக்கொண்ட சிக்கல்’ என்ற இலேசான சாடல் உண்டு. பொறுப்பிலிருந்தோ தண்டனையிலிருந்தோ முற்றாக விடுவித்துவிட்டால் ‘ஆஃப் த ஹுக்’. மணி தள்ளிப்போடுவதோடு சரி, இது முடித்தே வைக்கிறது. லாரி உரசாமல் போன அனுபவம் ‘க்ளோஸ் ஷேவ்’. தில்லிக்காரர்கள் இந்தியில் ‘பால் பால் பச்சே’ என்பதும், நாம் ‘மயிரிழையில் தப்பினோம்’ என்பதும் இதற்குத்தான் நெருக்கம், நம் மணிக்கு அல்ல. ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்பதை நம் மணித் தொடருக்கு இணையாகச் சிலர் எழுதுகிறார்கள். அதில் தலைப்பாகை போயிற்று, ஆபத்தும் போயிற்று. இங்கே இரண்டும் போகவில்லை. செய்தி மொழிபெயர்ப்புகளில் ‘மணியால் காப்பாற்றப்பட்டார்’ என்று சில நேரம் வருவதைத் தமிழ் மட்டும் அறிந்த வாசகர் படித்தால், மணி என்பவர் யாரோ ஒரு புண்ணியவான் என்றுதான் எண்ணுவார். ‘நல்லவேளை, அதற்குள் மணியடித்துவிட்டது’ என்றோ, ‘அலாரம் அடித்ததால் அப்போதைக்குப் பிழைத்தார்’ என்றோ அந்தந்த இடத்தில் குறுக்கிட்டது எதுவோ அதைச் சொல்லியே எழுதிவிடலாம்.

உங்களுக்கு உதவிய சக ஊழியரின் பதில் கோபமன்று, நயமான திருத்தம். இரவு விழித்திருந்தவர் அவர், தற்செயல் அன்று. ‘யூ கேம் டு மை ரெஸ்க்யூ’ என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அவர் தமிழர் என்றால் ஆங்கிலமே தேவையில்லை. ‘நீங்கள் மட்டும் இல்லையென்றால் அன்றைக்கு மாட்டியிருப்பேன்’ என்று சொல்லி, கரோல் பாகிலோ ஆர்.கே.புரத்திலோ நல்ல காப்பி கிடைக்கும் கடைக்கு அழைத்துப் போனால் போதும்.